தொலைவும் காலமும்

ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊர் எவ்வளவு தொலைவு என்று வினவினால் இருவகையாக விடை கூறலாம். இத்தனை கிலோமீட்டர் என்பது ஒரு விடை; இத்தனை மணி நேரம் என்பது மற்றொரு விடை. முன்னது நிலத்தின் அளவு. பின்னது காலத்தின் அளவு. நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்து ‘நாழிகை வழி’ என்று வழங்கினர். ஒருவன் ஒரு நாழிகைப் பொழுது, அதாவது இருபத்துநான்கு நிமிடம், நடந்து கடக்கும் தொலைவே ஒரு நாழிகை வழியாகும். அஃது ஏறத்தாழ ஒன்றரை மைல் எனக் கொள்ளப்பட்டது. இக்கணக்கின்படி வில்லியனூரிலிருந்து புதுச்சேரி நகரம் நான்கு நாழிகை வழி. பாகூரிலிருந்து எட்டு நாழிகை வழி.

கால்நடையாகவே மக்கள் வழிச்சென்ற காலத்தில் இவ்விரண்டு அளவுகளும் பிரியாதிருந்தன. ஊர்திகள் மாறத் தொடங்கியபின் அவை பிரிந்தன. தொலைவு இருந்தபடியே இருக்க, காலம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. அச்சுருக்கம் எங்ஙனம் நிகழ்ந்தது என்பதையும், அதனால் மக்கள் பெற்ற பயன் யாது என்பதையும் புதுச்சேரிக்கும் பாரிசு மாநகருக்கும் இடைப்பட்ட வழியைக் கொண்டு நன்கு அறியலாம்.

உலகில் நகரங்கள் பல இருக்கப் பாரிசு நகரை எடுத்துக்கொள்வது ஏன் எனின், புதுவை மாநிலத்துச் சிற்றூர்களுக்கு அந்நகர் அயலானதன்று. வில்லியனூரும் பாகூரும் ‘கொம்யூன்’ என்று குறிக்கப்படுகின்றன. அச்சொல்லே பிரெஞ்சு மொழிச் சொல். வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தைப் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கிவைப்பது வழக்கமாக இருந்தது. இன்று புதுவையின் துணைநிலை ஆளுநர் அவ்வழக்கத்தைத் தொடர்கின்றார். 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் வில்லியனூருக்கு அண்மையிலுள்ள கீழூரில் மக்கட் பேராளர் 178 பேர் கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவுடன் இணைதல் வேண்டும் என்றனர். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் ஆட்சி கைம்மாறியது. 1962ஆம் ஆண்டு ஆகத்து 16ஆம் நாள் அம்மாற்றம் சட்ட முறைப்படி நிறைவுற்றது. அப்பொழுது சில குடும்பத்தார் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டனர். ஆகவே, தந்தை இங்கும் மைந்தன் அங்கும், தமக்கை இங்கும் தங்கை அங்குமாக வாழும் குடும்பங்கள் இன்றும் பல உள்ளன. இத்தகைய வீடுகளில் பாரிசு எவ்வளவு தொலைவு என்பது பூகோளப் பாடத்து வினா மட்டுமன்று; அன்றாடம் நெஞ்சில் எழும் வினாவும் ஆகும்.

முதற்கண் நிலத்தின் அளவைக் காண்போம். புதுச்சேரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 பாகையில் உள்ளது. பாரிசு ஏறத்தாழ 49 பாகையில் உள்ளது. கிழக்கு மேற்காகப் பார்த்தால் இரண்டற்கும் இடையே தீர்க்கக்கோடுகள் 77½ பாகை அளவுக்கு விரிந்துள்ளன. தட்டையான நிலப்படத்தில் இவ்விரண்டு புள்ளிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, அதுவே குறுக்குவழி என்று கருதுதல் பிழையாகும். நிலம் உருண்டை, படமோ தட்டை. உருண்டையின்மேல் உள்ள குறுக்குவழியை அறிதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பூகோள உருண்டையில் புதுச்சேரியின்மேல் ஒரு நூலின் ஒரு முனையையும், பாரிசின்மேல் மறு முனையையும் வைத்து நூலை இறுக இழுக்க வேண்டும். நூல் படிந்து கிடக்கும் வழியே மிகக் குறுகிய வழி. அந்நூல் மேற்கு நோக்கிச் செல்லாது, வடமேற்காக வளைந்து செல்வதைக் காணலாம். அதன் நடுப்புள்ளி ஈரான் நாட்டின் வடபகுதியில், காசுப்பியன் கடலின் தென்கரைக்கு அருகில் அமையும்.

அந்நூலின் நீளத்தைப் பாகையால் அளந்தால் ஏறத்தாழ 73 பாகை வரும். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 8,100 கிலோமீட்டர் என்னும் தொகை கிடைக்கும். சென்னையிலிருந்து அளந்தால் சற்றுக் குறைந்து 8,040 கிலோமீட்டர் அளவில் நிற்கும். ஈண்டு அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. மீட்டர் என்னும் அளவே பிரெஞ்சு அறிஞர்களால் வகுக்கப்பட்டது. நிலநடுக்கோட்டிலிருந்து வடதுருவம் வரையுள்ள தொலைவில் ஒரு கோடியில் ஒரு கூறு ஒரு மீட்டர் எனப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவர்கள் வரையறுத்தனர். ஆதலால்தான் நிலவுலகின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் என்று முழு எண்ணாக அமைந்தது. புதுச்சேரிக்கும் பாரிசுக்கும் உள்ள தொலைவு அச்சுற்றளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும்.

இத்தொலைவு என்றும் மாறாதது. ஆயினும் பாய்க்கப்பல் காலத்தில் எவரும் இக்குறுக்குவழியில் செல்ல இயலவில்லை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1664ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பிரான்சுவா மார்த்தேன் என்பார் 1674ஆம் ஆண்டில் புதுச்சேரியில் அதன் வாணிகத்துக்கு அடியிட்டார். அக்கம்பெனியின் கப்பல்கள் பிரான்சின் மேற்குக் கரையில் உள்ள லோரியான் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, தென்திசை நோக்கி ஓடி, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு, இந்தியப் பெருங்கடலைக் கடந்து வந்தன. காற்றே அவற்றுக்கு உயிர். பருவக்காற்றுத் தவறினால் இடையிலுள்ள தீவுகளில் மாதக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். எல்லாம் இனிது அமைந்தாலும் ஏறத்தாழ ஆறு திங்கள் ஆகும். ஒரு திருமுகம் எழுதி அதற்கு விடை பெறுதற்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். புதுச்சேரியில் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், கப்பல் வந்தது, கப்பல் சென்றது என்னும் செய்திகள் மிகுதியாக இடம்பெறுகின்றன. அக்காலத்து நகரத்தின் வாழ்வு முழுவதும் கடலில் தோன்றும் ஒரு பாயை எதிர்நோக்கியே நின்றது எனலாம்.

காலம் இங்ஙனம் நீண்டதனால் மக்கள் இழந்தவை பல. அவற்றுள் இரண்டு நிகழ்ச்சிகள் நினைவில் இருத்தத்தக்கன. ஒன்று ஓர் அறிஞரின் வாழ்வைப் பற்றியது. மற்றொன்று பல்லோரின் உயிரைப் பற்றியது.

வெள்ளி என்னும் கோள் ஞாயிற்றின் குறுக்கே ஒரு கரும்புள்ளி போலக் கடந்து செல்லும் காட்சி மிக அரிதாக நிகழ்வது. 1761ஆம் ஆண்டிலும் 1769ஆம் ஆண்டிலும் அது நிகழவிருந்தது. உலகின் பல இடங்களிலிருந்து அதனை ஒரே சமயத்தில் நோக்கினால், நிலத்துக்கும் ஞாயிற்றுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கணிக்கலாம் என அறிஞர் கண்டிருந்தனர். அதன்பொருட்டுக் கியோம் லெ ழான்தி என்னும் பிரெஞ்சு வானியலறிஞர் 1760ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் புதுச்சேரியை நோக்கிக் கப்பலேறினார். மொரீசியசுத் தீவை அடைந்து, அங்கிருந்து மற்றொரு கப்பலில் இந்தியாவை நெருங்கினார். 1761ஆம் ஆண்டு மே மாதத்தில் மலையாளக் கரையை அணுகியபொழுதுதான், புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்பட்ட செய்தி அவருக்குத் தெரிந்தது. அந்நகரமோ சனவரித் திங்களிலேயே வீழ்ந்துவிட்டது. கப்பல் திரும்பியது. சூன் 6ஆம் நாள் வெள்ளி ஞாயிற்றைக் கடந்தபொழுது அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலிலிருந்து செம்மையாக அளத்தல் இயலாது போயிற்று.

அவர் மனந்தளரவில்லை. ஊருக்குத் திரும்பி மீண்டும் வருதல் காலத்தை விழுங்கும் என்றெண்ணி, எட்டாண்டு கழித்து நிகழும் அடுத்த கடப்பு வரை கீழ்த்திசையிலேயே தங்கத் துணிந்தார். 1768ஆம் ஆண்டில் புதுச்சேரியை அடைந்தார். அந்நகர் அதற்குள் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வசமாகியிருந்தது. இடிந்து கிடந்த கோட்டையில் அவருக்கு ஒரு நோக்குமனை அமைத்துத் தந்தனர். காத்திருந்த காலத்தில், சோழிகளைப் பரப்பியும் மனப்பாடமாகக் கொண்ட வாய்பாடுகளைப் பயன்படுத்தியும் தமிழ்க் கணிதர் கிரகணத்தைக் கணிக்கும் முறையைக் கற்றறிந்து வியந்தார். 1769ஆம் ஆண்டு சூன் 4ஆம் நாள் விடியல் வந்தது. அதற்கு முந்தைய நாட்களிலெல்லாம் தெளிந்திருந்த வானம் அன்று கருமுகிலால் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்தபின் முகில் விலகி ஞாயிறு ஒளி வீசியது. பதினோராண்டுகளுக்கு மேலாகப் பிரிந்திருந்து 1771ஆம் ஆண்டில் அவர் தாயகம் மீண்டார். அவர் எழுதிய கடிதங்கள் உரிய இடம் சேராமையால், அவர் இறந்தார் என்றே உறவினர் கருதியிருந்தனர். அவருடைய பொருளைப் பங்கிடவும் முற்பட்டிருந்தனர். விண்ணின் தொலைவை அளக்கப் புறப்பட்டவரை மண்ணின் தொலைவு இங்ஙனம் அலைக்கழித்தது.

மற்றொரு நிகழ்ச்சி பாகூருக்குத் தெற்கே அண்மையில் உள்ள கடலூரில் நடைபெற்றது. 1783ஆம் ஆண்டில் அந்நகரைப் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி காத்து நின்றார். ஆங்கிலப் படை நிலத்தின் வழியாக வந்து முற்றுகையிட்டது. சூன் 13ஆம் நாள் கடும்போர் மூண்டு இரு திறத்தும் பலர் மாண்டனர். சூன் 20ஆம் நாள் கடலில் சுஃப்ரேன் என்பாரின் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலேயரின் கப்பற்படையும் பொருதன. அங்கும் பலர் உயிர் துறந்தனர். புஸ்ஸி, சுஃப்ரேன் ஆகிய இருவர் பெயராலும் புதுச்சேரியில் வீதிகள் உள்ளன. சூன் மாத இறுதியில் ஆங்கிலக் கப்பல் ஒன்று சமாதானக் கொடியுடன் வந்து ஒரு செய்தியைத் தந்தது. பிரான்சும் இங்கிலாந்தும் வெர்சேல்சு நகரில் முதற்கட்டச் சமாதான உடன்படிக்கையில் கையொப்பம் இட்டுவிட்டன என்பதே அச்செய்தி. கையொப்பம் இட்ட நாளோ அவ்வாண்டு சனவரி 20!

அதாவது, அரசர்கள் பகைமையை ஒழித்து ஏறத்தாழ ஐந்து திங்கள் கடந்தபின், அப்பகைமையின் பெயரால் கடலூர்க் கரையில் வீரர்கள் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்தனர். அவர்களுட் பலர் இந்நாட்டுச் சிப்பாய்கள். செய்தி விரைந்து வந்திருப்பின் அவர்கள் தத்தம் இல்லங்களுக்குத் திரும்பியிருப்பர். அவர்களைக் கொன்றவை வாளும் குண்டும் மட்டும் அல்ல, காலத்தாழ்வும் ஆகும்.

காலத்தைச் சுருக்கும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருவெற்றி கண்டது. நீராவிக் கப்பல் காற்றை எதிர்நோக்காமல் ஓடியது. 1869ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது. அதன்பின் ஆப்பிரிக்காவைச் சுற்றவேண்டிய தேவை நீங்கியது. பிரான்சின் தென்கரையிலுள்ள மார்சேல் துறைமுகத்திலிருந்து மத்தியதரைக் கடல், செங்கடல் வழியாகப் புதுச்சேரியை ஏறத்தாழ ஒரு திங்களுக்குள் அடையலாயிற்று. வில்லியனூரில் 1877ஆம் ஆண்டில் எழுந்த லூர்து அன்னை ஆலயத்தின் திருவுருவம் பிரான்சிலிருந்து கடல் கடந்து வந்ததே. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்த புதுவை வீரர்களும் கப்பலிலேயே சென்றனர். திரும்பி வாராதவர்களை நினைவூட்டும் சின்னம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நிற்கின்றது. கடலடித் தந்திக் கம்பி 1870ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்தபின், செய்தியானது ஆளினும் முந்திச் செல்லத் தொடங்கியது.

அடுத்து மாந்தன் வானத்தில் வழி கண்டான். 1911ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அலகாபாத்தில் ஆன்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி ஏறத்தாழ 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு யமுனையாற்றைத் தாண்டி நைனி என்னும் இடத்தில் இறங்கினார். உலகில் அரசு ஒப்புதலுடன் விமானத்தில் அஞ்சல் சென்றது அதுவே முதன்முறை. அவர் பறந்த தொலைவு ஏறத்தாழ வில்லியனூருக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட தொலைவே. சிறிது தொடக்கம் எனினும் அது பெரிதாக வளர்ந்தது. 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், பாரிசில் பிறந்தவரான ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்டினார். அவ்வஞ்சல் பின்னர்ச் சென்னை வரை பறந்தது. 1948ஆம் ஆண்டு சூன் 8ஆம் நாள் ‘மலபார் பிரின்செசு’ என்னும் ஏர் இந்தியா விமானம் பம்பாயிலிருந்து புறப்பட்டு, கெய்ரோவிலும் செனீவாவிலும் இறங்கி, சூன் 10ஆம் நாள் இலண்டனை அடைந்தது. 1960ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஜெட் விமானங்களை ஓட்டத் தொடங்கியது. அதனால் நாட்கணக்கு மணிக்கணக்காயிற்று.

இக்காலத்துப் பெரு விமானம் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் விரைவிற் பறக்கின்றது. சென்னையிலிருந்து பாரிசுக்கு இடையில் இறங்காது சென்றால் பத்து மணி அல்லது பத்தரை மணி நேரம் ஆகும். 8,040ஐ 900ஆல் வகுத்தால் ஒன்பது மணிக்கும் குறைவாகத்தானே வருகின்றது என்று ஒருவர் வினவலாம். விமானம் ஏறும்பொழுதும் இறங்கும்பொழுதும் முழு விரைவில் செல்வதில்லை. நூல் காட்டும் குறுக்குவழியிலும் அப்படியே செல்வதில்லை. போர் நிகழும் நாடுகளையும், வான்வெளியை மூடிய நாடுகளையும் விலகிச் செல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டில் பாகிசுத்தான் தன் வான்வெளியைச் சில திங்கள் மூடியபொழுது, இந்தியாவிலிருந்து மேற்கே சென்ற விமானங்கள் பல சுற்றுவழியிற் பறந்தன. மேலும், நிலவுலகின் நடுப்பகுதிகளில் மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வலிய காற்று வீசுகின்றது. அதனை எதிர்த்துச் செல்வதனால் பாரிசுக்குப் போகும் நேரம் கூடும். அது பின்னின்று தள்ளுவதனால் மீண்டு வரும் நேரம் குறையும்.

கடிகாரக் கணக்கிலும் கருத்து வேண்டும். ஞாயிற்றைக் கொண்டு பார்த்தால், ஒரு பாகைக்கு நான்கு நிமிடமாகப் புதுச்சேரி பாரிசைவிட 5 மணி 10 நிமிடம் முந்தியுள்ளது. ஆனால் நாடுகள் தமக்கெனப் பொது நேரம் வகுத்துள்ளமையால் கடிகார வேறுபாடு குளிர்காலத்தில் நான்கரை மணியாகும். கோடையில் பிரான்சில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைப்பதனால் அது மூன்றரை மணியாகும். குளிர்காலத்தில் ஒரு விமானம் சென்னையிலிருந்து இரவு 1 மணிக்குப் புறப்பட்டுப் பத்தரை மணி நேரம் பறப்பதாகக் கொள்வோம். அஃது இறங்கும்பொழுது நம் நாட்டில் முற்பகல் 11.30 மணி, பாரிசில் காலை 7 மணி. கடிகாரத்தை மட்டும் பார்ப்பவர் ஆறு மணி நேரமே ஆயிற்று என மயங்குவர். அதுபோன்றே, பாரிசில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு ஒன்பதரை மணி நேரம் பறந்து சென்னையில் இறங்குபவர் நள்ளிரவு 12 மணியைக் காண்பர். அவருக்குப் பதினான்கு மணி நேரம் கழிந்ததாகத் தோன்றும். புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் ஒரே நாட்டுக் கடிகாரத்துக்கு மாற்றிய பின்னரே கழித்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பறக்கும் நேரம் வேறு. பயண நேரம் வேறு என்பதும் உணரத்தக்கது. புதுச்சேரி விமான நிலையம் சிறியது. பெரு விமானங்கள் அங்கு இறங்குவதில்லை. வில்லியனூரிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். இரவு 1 மணி விமானத்துக்கு மாலை 6 மணிக்கே வீட்டை விட்டுப் புறப்படுவதே தக்கது. அந்த ஏழு மணி நேரத்தோடு பறக்கும் பத்தரை மணி நேரத்தையும், பாரிசில் இறங்கி வீடு சேரும் ஒன்றரை மணி நேரத்தையும் கூட்டினால் 19 மணி நேரம் வரும். வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறிச் செல்வதாயின் மேலும் சில மணி நேரம் கூடும். அங்ஙனமாயினும், ஆறு திங்கள் ஓடிய பாய்க்கப்பலோடு ஒப்பிட்டால் காலம் இருநூறு மடங்குக்கு மேல் சுருங்கியுள்ளது.

இச்சுருக்கம் பெரும்பேறே. அன்று ஐந்து திங்கள் கடலில் வந்த செய்தி இன்று ஒரு நொடியில் வந்து சேர்கின்றது. தந்தை நோயுற்றார் என்று கேட்ட மகன் மறுநாளே அவர் அருகில் நிற்க முடிகின்றது. ஆயினும் கருவி நல்குவது வாய்ப்பு ஒன்றே. அவ்வாய்ப்பைப் பயன்கொள்வது மாந்தர் உள்ளம். ஒரு நாளில் வரக்கூடிய மகன் பத்தாண்டாக வாரானாயின், அத்தாய்க்குப் பாரிசு பாய்க்கப்பல் காலத்தைவிடத் தொலைவானதே. செய்தி நொடியில் சேரும் இந்நாளிலும் நாடுகள் போரை நிறுத்த மனங்கொள்ளாவிடின், கடலூர்க் கரையில் மாண்ட வீரர்களின் கதை மீண்டும் மீண்டும் நிகழும். அன்று செய்தி தாழ்ந்தது என்னும் காரணமாவது இருந்தது. இன்று அக்காரணமும் இல்லை. நிலத்தின் அளவை இயற்கை வகுத்தது. காலத்தின் அளவை அறிவு சுருக்கியது. இவற்றிற்கு அப்பால் எஞ்சி நிற்கும் தொலைவைக் குறைப்பது அன்பின் கடன்.

பயிற்சி வினாக்கள்

1. ‘நாழிகை வழி’ என்பது யாது? அதில் இணைந்துள்ள இரண்டு அளவுகள் யாவை?

2. பூகோள உருண்டையில் நூலைக் கொண்டு குறுக்குவழியை அறியும் முறையை விளக்குக.

3. லெ ழான்தி புதுச்சேரிக்கு வந்த நோக்கம் யாது? அவர் அடைந்த இன்னல்களைத் தொகுத்தெழுதுக.

4. 1783ஆம் ஆண்டில் கடலூரில் நிகழ்ந்த போர் நிகழாதிருத்தற்கு எது போதியதாக இருந்திருக்கும்? காரணம் காட்டுக.

5. கோடைக்காலத்தில் பாரிசில் நண்பகல் 12 மணியாயின் பாகூரில் மணி என்ன?